கலைமதியின் முறை வருஷம்

"கண்ணைச் சிமிட்டவும்" என்று போன் திரையில் எழுத்து வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கலைமதி சிமிட்டினாள். முகம் பொருந்தவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. எப்படிப் பொருந்தும்? திரையில் இருந்த பெயர் மோகன்.

"இன்னாம்மா இது, வூட்டுக்காரர் ஆதாரைக் குடுத்துட்டு நீ வந்து உக்காந்துகினு இருக்கே. அவரை வரச் சொல்லு" என்றேன்.

"அவர் வர மாட்டார்க்கா."

"ஷிப்டுன்னா முடிச்சிட்டு வரட்டும். ஞாயித்துக்கிழமையும் தொறந்துதான் வெச்சிருப்பேன்."

அவள் மேஜைமேல் குனிந்து, வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். "அவர் செத்து ரெண்டு வருசம் ஆவப் போவுதுக்கா."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். சர்வர் பொறுமையாகத்தான் இருக்கிறது. நானும் பொறுமையாக இருந்தால் ஒரு வேலையும் நடக்காது. ஆனால் அன்றைக்கு வந்தது கோபமில்லை, பயம். மோகன் பெயருக்கு எதிரே போன தவணை வரைக்கும் கிசான் பணம் ஏறியிருப்பது தெரிந்தது. நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை அரசாங்கம் போடும் இரண்டாயிரம் ரூபாய். செத்துப்போன மனிதருக்கு ஒரு தவணைகூடத் தவறாமல் வந்திருக்கிறது.

வரிசையில் இருந்தவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். "இத்தினி நாளா யாரு ஓடிபி போட்டது?"

"நான்தான். அவர் போன் என்கிட்டதான் இருக்குது. அதுக்குன்னே ரீசார்ஜ் பண்ணுவேன்."

"பணத்தை எடுத்தது?"

"நான்தான்க்கா. கார்டுல."

ஒளிக்காமல் சொன்னாள். தப்பு செய்தவள் முகம் அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அவள் ஏன் அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை என்பது, அவள் கதையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

கலைமதி வாலாஜாபாத் பக்கத்துப் பெண். பூந்தாங்கலுக்கு வாக்கப்பட்டு வந்தபோது ஊரைச் சுற்றி வயல் இருந்ததாம். இப்போது ஊரைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர். ஏரிக்குக் கீழே இருந்த கொஞ்சம் நிலம் மட்டும் எந்தக் கம்பெனி வரைபடத்திலும் விழாமல் தப்பியது. அதில் மோகனுக்கும் அவர் அண்ணன் ரகுபதிக்கும் பொதுவாக ஒரு ஏக்கரும் சில்லறையும். பட்டாவில் இரண்டு பேர் பெயரும் உண்டு. நடுவில் வரப்பு போட்டுப் பிரித்தால் டிராக்டர் திரும்புவதற்கே பாதி நிலம் போய்விடும். அதனால் அவர்கள் அப்பா செத்த பிறகு அண்ணன் தம்பி பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வருஷம் முழு நிலத்தையும் அண்ணன் பயிர் வைப்பார், மறு வருஷம் தம்பி. சித்திரையில் நல்லேர், அதாவது வருஷத்தின் முதல் உழவு, ஓட்டுகிறவருக்கு அந்த வருஷம் சொந்தம். அதுதான் அவருடைய முறை வருஷம். முறை முடிந்தவர் அன்றைக்குக் காலையில் வந்து, வாய்க்காலிலிருந்து வயலுக்குத் திரும்பும் மடையைத் தன் மண்வெட்டியால் வெட்டித் திறந்துவிட வேண்டும். சடங்கு அவ்வளவுதான். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது.

கிசான் பணம் வர ஆரம்பித்தபோது அண்ணன் கணக்கில் ஒன்று, தம்பி கணக்கில் ஒன்று என்று தனித்தனியாகத்தான் வந்தது. இவர்கள் அதையும் முறையில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் முறையில் தம்பிக்கு வந்தது அண்ணனுக்குப் போகும். தம்பி முறையில் அண்ணனுக்கு வந்தது தம்பி கைக்கு வரும். புயல் நிவாரணம் வந்தாலும் அப்படியே. அரசாங்கம் ஆளுக்குக் கொடுத்ததை, இவர்கள் நிலத்துக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்கள். உரத்துக்கும் உழவுக்கும் போகிற பணம், நிலம் உயிரோடு இருக்கும்போது அதுவும் வரத்தானே செய்யும் என்று நினைப்பு. பூந்தாங்கல் ஆட்கள் தவிர வேறு யாரும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

மோகன் ஒரு மாசி மாதம் வண்டலூர் சாலையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த சித்திரை அவருடைய முறை. காரியம் முடிந்த ஈரம் காயுமுன் கலைமதி டிராக்டரைக் கூப்பிட்டு நல்லேர் ஓட்டினாள். ஓட்டாமல் விட்டிருந்தால் ரகுபதி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருஷத்தை எடுத்துக்கொண்டிருப்பார். அவள் ஓட்டியதால் வந்து மடையை வெட்டிவிட்டுப் போனார்.

அவளுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்டு வேலை. நடவு நாளுக்கும் அறுப்பு நாளுக்கும் கூட வேலை செய்கிறவர்களோடு வார லீவை மாற்றிக்கொள்வாள். கேன்டீனில் தலைமுடி விழாமல் போட்டுக்கொள்ளும் தொப்பியை வயலிலும் வெயிலுக்குப் போட்டிருப்பாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டதால் நடவுக்கு வடக்கத்திப் பையன்களைப் பிடித்து வருவாள். அவர்களோடு அரை இந்தியில் சண்டை போட்டுத்தான் நாற்று வரிசை கட்டும்.

"எதுக்கும்மா இந்த மாரடிப்பு? நெல்லு வித்து பெருசா இன்னா நிக்கப் போவுது" என்று கேட்டேன்.

"கேன்டீன்ல மூணு காண்ட்ராக்டர் மாறியாச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் நாளையிலேருந்து வராதேன்னுட்டு, அப்புறம் புதுசா சேத்துக்கிட்டாங்க. வயல்ல அப்டி யாரும் என்னைச் சொல்ல முடியாது இல்ல?"

அவளுக்கு அந்த நிலம் அதுதான். வேறு பெரிய பாசமெல்லாம் இல்லை.

இப்போது சிக்கல் என்ன என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நிலத்தையும் ஆளையும் சேர்த்து ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். மோகனுக்கு எண் வாங்க முடியாது, அவர் கண் சிமிட்ட மாட்டார். கலைமதிக்கு வாங்கலாம், ஆனால் பட்டாவில் அவள் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏற வேண்டுமானால் மோகனின் இறப்புச் சான்றைக் கொடுக்க வேண்டும். அதில் செத்த தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு யார் பணம் எடுத்தது என்று கேட்காமல் விட மாட்டார்கள்.

"ஜெயிலுக்கு அனுப்புவாங்களாக்கா?"

"தெரியாது" என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு வராது. "ரகுபதி மாமா கிட்ட பேசு. அவர் வருசத்துப் பணம் அவர் கிட்டதானே போச்சு? ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொல்லுங்க."

அவள் சரி என்று போனாள். இரண்டு நாள் கழித்து ரகுபதியே வந்தார். கூடவே அவர் மகன் பிரவீன்.

ரகுபதியை எனக்கு முன்பே தெரியும். கோயில் கமிட்டியில் இருப்பவர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் பேனா. பேச்சு சுத்தம் என்று ஊரில் பெயர். பிரவீனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் காண்ட்ராக்ட் வேலை போய் ஆறேழு மாதம் ஆகிவிட்டது. வாங்கிய பைக்கும் கடன், அதற்குமேல் கல்யாணப் பேச்சு. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே போனை நோண்டினான்.

"மஞ்சுளா, ஒரு மனு போடணும்" என்றார் ரகுபதி. "பட்டாவுல தம்பி பேரை எடுத்துட்டு எம் பேர் மட்டும் வரணும்."

கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. "அண்ணா, தம்பி பங்கு அவர் சம்சாரத்துக்குத்தானே?"

"எங்கப்பா செத்தப்பவே வாய்ப்பேச்சா பாகம் ஆயிருச்சு. அவனுக்கு வூட்டு மனை, எனக்கு நிலம்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். பிரவீன்தான் மிச்சத்தைச் சொன்னான். குடோன் கட்டுகிறவர்கள் ஏரி ஓரத்து நிலத்தைக் கேட்கிறார்களாம். ஒரே பெயரில் பட்டா இருந்தால்தான் எடுப்பார்களாம். சித்திரைக்குள் அக்ரிமென்ட் போட்டாக வேண்டுமாம்.

சித்திரை ஏன் என்று எனக்குத் தெரியும். வரப் போகும் சித்திரை கலைமதியின் முறை. அவள் நல்லேர் ஓட்டிவிட்டால் வயலில் பயிர் நிற்கும், பயிர் நிற்கும் நிலத்தில் குடோன்காரன் அஸ்திவாரம் தோண்ட மாட்டான்.

"அவங்க சும்மா இருப்பாங்களா?" என்றேன்.

பிரவீன் போனிலிருந்து தலை தூக்கினான். "சித்திதான் செத்தவர் பேர்ல கவர்மென்ட் பணத்தை எடுத்துகினு இருந்துச்சு. வாயைத் தொறந்தா யாருக்கு நஷ்டம்? நீங்களே எடுத்துச் சொல்லுங்கக்கா. சும்மா இருந்தா எங்கப்பா பாத்து ஏதாவது குடுப்பார்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த மனுவை நான் போட மாட்டேன், வேறு கடைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தெருவில் இன்னொரு மையம் இருக்கிறது. அங்கே போய்ப் போட்டார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். என் வீரத்தால் ஆன பலன் அவ்வளவுதான்.

கலைமதியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து இறப்புச் சான்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "போட்டுடுங்கக்கா. என் பேருக்கு மாத்தச் சொல்லி."

"பணம் எடுத்த விசயம்?"

"அதையும் எழுதுங்க. தெரியாம எடுத்துட்டேன், திருப்பிக் கட்டிடறேன்னு."

"பாதி உங்க மாமாகிட்ட போச்சே, அதை?"

அவள் யோசித்தாள். "அதை எழுத வேணாம். அவரே சொல்றதா இருந்தா சொல்லட்டும்."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கழுத்தில் கத்தியை வைத்திருக்கும் ஆளுக்கு என்ன மரியாதை? ஆனால் மனு அவளுடையது. சமர்ப்பி என்ற பொத்தானுக்கு மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு, "அழுத்தினா திரும்ப எடுக்க முடியாது" என்றேன். அவள் தலையாட்டினாள். அழுத்தினேன்.

பங்குனி பாதியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ரகுபதி மனுவும் கலைமதி மனுவும் ஒரே நிலத்தின் மேல் இருந்ததால் இரண்டு பேரையும் ஒன்றாக வரச் சொல்லியிருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் துணைக்குப் போனேன்.

கிராம நிர்வாக அலுவலகம் ஒரே அறை. வி.ஏ.ஓ. ஜெபகுமார் ஊருக்குப் புதிது, சின்ன வயது. பேசினால் எதிரே இருப்பவரின் வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்வார். மூலையில் இன்னொரு மேஜை. அங்கே வேளாண்மை அலுவலகத்திலிருந்து காந்திமதி மேடம் வந்து உட்கார்ந்திருந்தார். தகுதியில்லாமல் போன கிசான் பணத்தை வசூலிக்கும் வேலை அவருடையது. அவரைப் பார்த்ததும் கலைமதி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வலித்தது.

ரகுபதியிடம்தான் முதலில் கேட்டார் ஜெபகுமார். "தம்பிக்கு மனை, உங்களுக்கு நிலம்னு பாகம் ஆனதா எழுதியிருக்கீங்க. நிலம் யார் அனுபவத்துல இருக்குது?"

"என்னுதுலதான் சார். எங்கப்பா செத்ததுலேர்ந்து பயிர் வெக்கிறது நான்தான். அடங்கல்ல பாருங்க, எம் பேர்தான் கீது."

அடங்கல் என்பது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று வருஷா வருஷம் எழுதும் கணக்கு. அதில் ரகுபதி பெயர்தான் இருந்தது. பழைய வி.ஏ.ஓ. பட்டாவில் முதலில் இருக்கும் பெயரை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு சரியாக இருந்தவரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"இவங்க?" என்று கலைமதியைக் காட்டினார்.

"தம்பி சம்சாரம். நடவுக்கும் களைக்கும் வரும் சார். கூலி குடுத்துருவேன்."

பக்கத்தில் நின்ற கலைமதியின் முகம் வெளுத்துப்போனது. கைக்குள் கேன்டீன் தொப்பியை வைத்திருந்தாள், பாதி நாள் லீவில் வந்திருந்தாள். அதை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"நீங்க பயிர் வெச்சதுக்கு ஏதாவது இருக்காம்மா? நெல் போட்ட ரசீது?"

"கொள்முதல் நிலையத்துல சிட்டாவுல மொதல்ல இருக்கற பேர்லதான் போடுவாங்க சார். அதுவும் மாமா பேர்லதான் இருக்கும்."

"பக்கத்து நிலத்துக்காரங்க சாட்சி?"

"எல்லாம் வித்துட்டுப் போய்ட்டாங்க சார். நடவு நட்ட பசங்களும் இப்ப ஊர்ல இல்ல."

அவள் சொன்னது எல்லாம் உண்மை. உண்மை எல்லாம் அவளுக்கு எதிராக இருந்தது. நான் பேச வாயெடுத்தேன். "நீங்க அந்த ஊரா?" என்றார் ஜெபகுமார். இல்லை என்றேன். "அப்போ இருங்க" என்றுவிட்டார். பேனாவை எடுத்து, அனுபவம் என்று எழுதி, ரகுபதி என்று ஆரம்பித்தார். பிரவீன் ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ மெசேஜ் அனுப்பினான்.

அப்போது மூலை மேஜையிலிருந்து காந்திமதி மேடம், "அந்த மோகன் கேஸ் இவங்கதானா?" என்று கேட்டார்.

கலைமதி முன்னால் போய் நின்றாள்.

"செத்ததுக்கு அப்புறம் ஆறு தவணை போயிருக்குது. எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"எடுத்து இன்னா பண்ணீங்க?"

கலைமதி ரகுபதியைப் பார்த்தாள். அவர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெலத்துக்குத்தான் மேடம் போட்டோம். உழவு, உரம்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரகுபதி பக்கம் திரும்பினார். "நெலத்துல பயிர் வெச்சது நீங்க மட்டும்தான்னு இப்பதான் சொன்னீங்க. அப்ப அந்தப் பணம் மொத்தமும் உங்க பயிருக்குத்தான் போயிருக்கு. எடுத்தது இவங்க கை, தின்னது நீங்க. ரெண்டு பேர் மேலயும்தான் எழுதணும். திருப்பிக் கட்ட வேண்டியது முழுசா நீங்க."

"அதெப்டி மேடம்?" என்றார் ரகுபதி.

"எப்டின்னா? வேற யாரு பயிர் வெச்சாங்க?"

"மொத்தமும் நான் தின்ன மாதிரி சொல்றீங்களே. எனக்கு வந்தது மூணுதான்."

"மீதி மூணு?"

"அது அவ முறை."

ஜெபகுமாரின் பேனா நின்றுவிட்டது. பிரவீன் போனைப் பையில் போட்டுவிட்டு, "அப்பா, சும்மா இரு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். ரகுபதி அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவர் முகம் சிவந்து போயிருந்தது.

"முறைன்னா இன்னாங்க?" என்று நிதானமாகக் கேட்டார் ஜெபகுமார்.

"ஒரு வருசம் நானு, ஒரு வருசம் அவங்க. இப்ப முடியறது என்னுது. அதுக்கு முன்னாடி அவளுது. அவ வருசத்துல வந்த பணம் அவளுக்கு, என் வருசத்துல வந்தது எனக்கு. அவ முறையில ஒரு படி நெல்லு நான் தொட்டதில்ல சார். தொட்டேன்னு எவனாவது சொல்லட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயை மூடினார்.

ஜெபகுமார் எழுதிக்கொண்டிருந்த தாளை மெதுவாகத் தள்ளி வைத்தார். "இப்ப சொன்னதை எழுதினா, நிலம் ரெண்டு பேர் அனுபவத்துலயும் இருக்குதுன்னு ஆயிடும். பாகம் ஆன கதை நிக்காது. முன்ன சொன்னதுதான் உண்மைன்னா அதையே எழுதறேன். ஆனா அப்ப அந்தம்மா வருசத்துலயும் நீங்கதான் பயிர் வெச்சீங்க, அந்தப் பணத்தையும் நீங்கதான் எடுத்துக்கினீங்கன்னு எழுதி கையெழுத்து வாங்குவேன். எது எழுதட்டும்?"

"அப்பா, மொதல்ல சொன்னதையே எழுதச் சொல்லு. பணம்தானே, கட்டிக்கலாம்" என்றான் பிரவீன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. குடோன்காரன் கொடுப்பதற்கு முன்னால் இது ஒரு பணமே இல்லை.

ரகுபதியைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மகனுக்கு வேலை இல்லை, கையில் இருப்பது இந்த ஒரு நிலம், அது இப்போது பாதியாகப் போகிறது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். கலைமதியை ஒரு தடவை நேராகப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை.

"பொய் சொல்ல வந்தேன், சொன்னேன்" என்றார் கடைசியில். "ஆனா அவ வருசத்தை நான் தின்னேன்னு எழுதி, அதுக்குக் கீழ என் கையெழுத்தைப் போட மாட்டேன் சார். எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு."

"அப்ப?"

"இப்ப சொன்னதை எழுதிக்கோங்க."

பிரவீன் வெளியே போய் பைக்கை உதைத்து எடுத்தான். அப்பாவை ஏற்றிக்கொள்ளாமலேயே போய்விட்டான். ரகுபதி கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயிலில் பஸ் நிறுத்தம்வரை நடந்தே போனார். கலைமதி வாசற்படியில் உட்கார்ந்து, தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நான்தான் எழுப்பினேன்.

அவள் முறைக்கு அவள் கட்டினாள், அவர் முறைக்கு அவர் கட்டினார். காந்திமதி மேடம் இரண்டு பேரிடமும் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, இனி செத்தவர் போனுக்கு ரீசார்ஜ் பண்ணாதே என்று கலைமதியைத் திட்டி அனுப்பினார். மோகன் இருந்த இடத்தில் கலைமதி என்று பட்டா வந்த அன்று, அவள் என் கடையில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டினாள். பச்சையில் வரி வந்தது. பின்னால் நின்ற யாரோ, "அக்கா இன்னா சிரிச்சிகினு கீறாங்க" என்று கேட்டார்கள். நான் சிரித்ததே எனக்குத் தெரியாது.

ஆனால் அதோடு முடிந்ததாக நான் நினைத்தது தப்பு. அவளுக்கு இன்னொரு பயம் இருந்தது.

"மாமா மடை வெட்ட வருவாரான்னு தெரியலக்கா. அன்னிலேருந்து யாரும் பேசறதில்ல."

"வராட்டி நீ வெட்டிக்கோ. இப்போ பேப்பர்லயே உன் பேர் கீது."

"பேப்பர்ல பாதிதான்க்கா இருக்குது. முறையில முழுசு. மாமா வந்து வெட்டாட்டி முறை எங்க இருக்குது? அப்புறம் நடுவுல வரப்பு போட வேண்டியதுதான். அரை ஏக்கர்ல நானும் ஒண்ணும் பண்ண முடியாது, அவரும் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு பேரும் விக்க வேண்டியதுதான்."

குடோன்காரன் காத்திருக்கத் தயாராகத்தான் இருப்பான் என்று எனக்கும் தோன்றியது.

நல்லேர் அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். போனேன். போன மழைக்கு நிரம்பிய ஏரியில் இன்னும் தண்ணீர் இருந்தது. வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டர் டயருக்கு மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டது. டிராக்டர்காரர் மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர், வண்டியை அணைக்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. கலைமதிக்கு இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள், பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தலையில் தொப்பியோடு மடைக்குப் பக்கத்தில் நின்றாள். ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற மாதிரி இருந்தது.

"ஓட்டட்டாம்மா?" என்றார் டிராக்டர்காரர்.

"கொஞ்சம் இருங்கண்ணா."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. எனக்கே கால் கடுத்தது. அவளுடைய வாய் ஏதோ முணுமுணுத்தது, என்ன என்று நான் கேட்கவில்லை.

குடோனுக்கு நிலம் பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஜல்லிப் பாதை வழியாக ரகுபதி வந்தார். தோளில் மண்வெட்டி. என்னையும் டிராக்டர்காரரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி, ஒரே மூச்சில் மடையை வெட்டினார். தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஓடியது. அவர் மேலே ஏறாமல் அங்கேயே, முழங்கால் தண்ணீரில் நின்றார். பாதி நிலம் இப்போது அவள் பெயரில் இருக்கிறது. அவள் நினைத்தால் நாளைக்கே அளந்து வரப்பு போடச் சொல்லலாம், அவருக்கு முழு வயலில் ஒரு வருஷம் இனி கிடைக்காமலே போகலாம். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அடுத்த வருசம் என்னுது" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. அதிகாரமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கேள்வியாகிவிட்டது. "ஞாபகம் வெச்சிக்கினு கீறே இல்ல?"

"உங்க வருசத்துல நான் எப்ப மாமா கால் வெச்சேன்?" என்றாள் கலைமதி.